சுளகைக் கீழே வைக்கச் சொல்லாதீர்கள்

எங்கள் மண்ணின் கதைகளைப் படமாக்கும் இயக்குநர்களுக்கு,

வணக்கம். ஈழத்தில், வன்னியின் முல்லைத்தீவுப் பக்கத்து ஊரான முள்ளியவளையிலிருந்து எழுதுகிறேன். சினிமா படித்தவள் அல்ல, பார்க்கிறவள். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரை வாடகைக்கு எடுத்து, ஒரே முற்றத்தில் அயலட்டைச் சனத்தோடு விடிய விடியப் படம் பார்த்து வளர்ந்தவள்.

மூன்று வருடத்துக்கு முன் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு படக்குழு வந்தது. பக்கத்து வீட்டு மாமியின் கதையைக் கேட்டார்கள். மாமி திண்ணையில் இருந்து சுளகில் அரிசி புடைத்தபடி, 2009 இறுதிப் போரில் மகனைத் தொலைத்ததைச் சொன்னார். "மாத்தளனிலதான் கடைசியாக் கண்டது" என்றவர் நிறுத்தினார். குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி முற்றத்தில் எறிந்தார். பிறகு, "நீலச் சேட்டுப் போட்டிருந்தவன்" என்றார். அவ்வளவுதான். எனக்கு மூச்சு அடைத்துவிட்டது. ஆனால் இயக்குநருக்கு அது போதவில்லை. சுளகைக் கீழே வைத்துவிட்டு, கமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்கோ, அழுகை வந்தால் அடக்காதேங்கோ என்றார். மாமியும் முயன்று பார்த்தார். "சுளகு கையில இல்லாட்டி எனக்குக் கதை வராது தம்பி" என்றார் கடைசியில்.

அந்தக் கல்லைப் பொறுக்கிய நேரம்தான் படம். அதை நீங்கள் வெட்டி எறிகிறீர்கள். எங்களைப் பற்றிய படங்களில் எல்லோரும் எப்போதும் கதறுகிறார்கள். கதறினோம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதற்குப் பிறகும் உலை வைத்தோம், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினோம். கிளிசரின் இல்லாத அந்த முகங்களை நடிக்கத்தான் நல்ல நடிகர்கள் வேண்டும்.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்த பாலு மகேந்திரா 1988இல் எடுத்த 'வீடு' படத்தில், முடியாத வீட்டுக்குள் தாத்தா தனியாகப் போய்ச் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். சொக்கலிங்க பாகவதர் அங்கே நடிப்பதாகவே தெரியாது. வீட்டுத்திட்டக் காசு அத்திவாரத்துக்கு ஒருமுறை, சுவருக்கு ஒருமுறை என்று கட்டம் கட்டமாக வரக் காத்திருந்த எங்கள் சனத்திடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். ஒருவருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்காது.

கதை சொல்வதைப் பற்றியும் ஒன்று. எங்கள் பக்கம் கோவலன் கூத்து ஆடுவார்கள். கோவலன் வெட்டுப்படுவான் என்பது மடியில் கிடக்கும் குழந்தைக்கும் தெரியும். வற்றாப்பளைக் கோயிலில் கண்ணகியைக் கும்பிடுகிற சனம் அல்லவா! ஆனாலும் விடியுமட்டும் இருந்து பார்ப்பார்கள். அந்தச் சேதி கண்ணகியிடம் எப்படிப் போய்ச் சேருகிறது, கேட்டதும் அவள் என்ன செய்கிறாள் என்பதற்காகத்தான் கண் விழிப்பது. எங்கள் கதையின் முடிவும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஷெல் விழுவதையும் பிணங்களையும் பெரிதாகக் காட்டிவிட்டால் கதை சொல்லியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். பங்கருக்குள் பிள்ளைக்கு என்ன கதை சொன்னோம், எந்தச் சாமானை விட்டு எதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம், அதைக் கேளுங்கள்.

அப்புறம் பேச்சு. ஈழமென்றால் எல்லோருக்கும் ஒரே யாழ்ப்பாணத் தமிழ் என்று நடிகர்களுக்குப் பழக்கிவிடுகிறீர்கள். கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காடு வெட்டிக் குடியேறியவர்கள் வேறுமாதிரிக் கதைப்பார்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுப்பவர் இன்னொரு மாதிரி. காதைக் கொஞ்சம் கொடுத்தால் போதும், நடிகரின் பாதி வேலை முடிந்துவிடும்.

காடும் அப்படித்தான். 2002இல் 'கன்னத்தில் முத்தமிட்டால்' வந்தபோது கதையில் எங்கள் வன்னியின் மாங்குளம் என்ற பெயரைக் கேட்டுச் சிலிர்த்தது உண்மை. ஆனால் அதில் கண்ட காடு எங்களுடையதாக இல்லை. வன்னிக் காடு பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற வறண்ட காடு. ஆவணியில் குளத்தடி வெடித்துக் கிடக்கும், கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர் தளும்பும். பாலைப்பழம் தின்றால் உதடு ஒட்டிக்கொள்ளும். ஒரு பிள்ளை அந்த உதட்டை நக்கியபடி ஓடி வருவதை இதுவரை ஒரு படத்திலும் நான் பார்க்கவில்லை.

மாமி இப்போதும் பின்னேரங்களில் திண்ணையில்தான் இருப்பார். வாருங்கள், தேத்தண்ணி தருவார். முதல் இரண்டு நாளைக்குக் கமரா பைக்குள்ளேயே இருக்கட்டும்.

அன்புடன்,
முள்ளியவளையிலிருந்து ஒரு ரசிகை