வளவுக்குள் சிக்னல் வரட்டும், வாட்ச் பிறகு வாங்கலாம்

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருந்துகொண்டு, செட்டிநாட்டு வீடுகளில் தனியே இருக்கும் அப்பச்சிக்கும் ஆத்தாவுக்கும் ஸ்மார்ட் வாட்ச் வாங்கித் தரும் பிள்ளைகளுக்கு,

வணக்கம். சாந்திக் கல்யாணத்துக்கு (அறுபது வயது நிறைவு விழா) வரும்போது பெட்டியில் ஒரு வாட்ச்சும் வருகிறது. "விழுந்தால் எங்களுக்குத் தகவல் வந்துவிடும்" என்று கையில் கட்டிவிட்டுப் புறப்பட்டுவிடுகிறீர்கள். நம் வீடுகளில் அந்தத் தகவல் பல நேரம் வராது. வாட்ச்சில் குறையில்லை, தடுப்பது சுவர்.

சிம் இல்லாத வாட்ச் போனோடு பெரும்பாலும் புளூடூத்தில்தான் பேசும். திறந்த வெளியிலேயே அதை 10 மீட்டருக்கு நம்பலாம், அவ்வளவுதான். போன் முன்கூடமான பட்டாலையில் சார்ஜில் கிடக்கிறது. ஆத்தா இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படியில் வழுக்கி விழுகிறார். நடுவே கனத்த செங்கல் சுவர்கள் மூன்று, நான்கு. விழுந்தது வாட்ச்சுக்குத் தெரியும், வெளியே சொல்லத்தான் வழி இருக்காது. சுவரைப் பிடித்தபடி மெல்லச் சரிந்து உட்கார்ந்தால் அதுவும் தெரியாமல் போகலாம்.

போன் கூடவே இருந்தாலும், அது வெளியே தகவல் சொல்ல வீட்டுக்குள் சிக்னல் வேண்டும். அதனால் முதலில் வைஃபை. இணைப்பு கொடுக்க வருபவர் மோடத்தை முகப்பிலேயே மாட்டிவிட்டுப் போய்விடுவார். அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் நம் சுவரில் சீக்கிரம் அடங்கிவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை கொஞ்சம் தூரம் போகும், அதுவும் அடுப்படி வரை போகாது. பிளக்கில் செருகும் ரிப்பீட்டரை வாங்கி ஏமாறாதீர்கள். தேய்ந்து வந்த சிக்னலைத்தான் அது திருப்பி அனுப்பும்.

முகப்பிலிருந்து பின்கட்டு வரை ஒரே கேட் 6 கேபிள் (இணையத்துக்கான ஒயர்) இழுத்து, அங்கே வைஃபையைப் பரப்பும் இன்னொரு பெட்டி, அதாவது ஆக்சஸ் பாயின்ட், வையுங்கள். கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். இரண்டு தெருவுக்கும் வாசல் உள்ள வீட்டுக்கும் பெரும்பாலும் போதும். வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வகையாகக் கேளுங்கள். முற்றத்துக்குக் குறுக்கே தொங்கவிட வேண்டாம், மழையும் இடியும் அதன் மேல்தான் இறங்கும். வளவைச் சுற்றி (முற்றமும் அதைச் சுற்றிய தாழ்வாரமும்தான் வளவு), தாழ்வாரத்து ஓட்டின் அடி விளிம்பை ஒட்டியே கொண்டுபோகலாம். தேக்கு நிலையில் துளை போட யாரையும் விடாதீர்கள். சுண்ணாம்புப் பூச்சையும் உளியால் கொத்த வேண்டாம். கொத்திய இடத்தைச் சிமென்டால் அடைத்தால் ஈரம் உள்ளே தங்கி, சுற்றியிருக்கும் பழைய பூச்சும் உதிரத் தொடங்கும். கரண்ட் போனால் மோடமும் போகும். அதையும் ஆக்சஸ் பாயின்ட்டையும் இன்வெர்ட்டர் லைனில் இருக்கும் பிளக்கில் மாட்டுங்கள்.

இவ்வளவு செய்தபிறகும் போன் ஆளோடு இருக்க வேண்டும். ஆத்தாவுக்கு இடுப்பில் செருகும் துணிப்பை ஒன்று தைத்துக் கொடுங்கள். குளியலறையில் ஒயர் இல்லாத அழைப்பு மணியின் பொத்தானைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் ஒட்டுங்கள், விழுந்து கிடப்பவர் கைக்கு எட்டும் உயரம் அது. மணி ஒலிக்கும் பெட்டி பக்கத்து வீட்டில் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் அங்கே கேட்கிறதா என்று அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடை பற்றியும் சொல்ல வேண்டும். "இன்னைக்கு ஆயிரம் அடிதானா?" என்று போனில் கோபிப்பதை விட்டுவிடுங்கள், பாவம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டோ தூணைப் பிடித்துக்கொண்டோ நடந்தால் கை வீசாது, வாட்ச் குறைவாகத்தான் எண்ணும். அடுப்படிக்கும் சாமி வீட்டுக்கும் இடையே ஏழெட்டு அடி வைத்து நின்றால் பல வாட்ச்கள் அதைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. பத்தாயிரம் அடி என்பதும் மருத்துவர் எழுதித் தந்த அளவல்ல. 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயர் அது. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்னது நிமிடக் கணக்கு: வாரம் 150 நிமிடமாவது மிதமான உழைப்பு, 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் மூன்று நாள் சமநிலைப் பயிற்சியும்.

அதற்கு வளவே போதும். ஒரு சுற்றை டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். சுற்று 40 மீட்டர் என்றால் 25 சுற்று ஒரு கிலோமீட்டர். வெயிலும் இல்லை, நாயும் இல்லை. தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமாக இருக்கும்போது வேண்டாம், சாக்ஸ் போட்டுக்கொண்டு கூடவே கூடாது. நடந்து முடித்ததும் தூணைப் பிடித்து ஒற்றைக் காலில் பத்து எண்ணும் வரை நிற்கலாம்.

அடுத்த முறை ஊருக்கு வந்ததும் இதைச் செய்து பாருங்கள். உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு வைஃபையில் மட்டும் வாட்ஸ்அப்பில் பேசியபடியே முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, கொல்லை என்று நடந்து போங்கள். பேச்சு எந்த நிலைப்படியில் அறுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். ஆக்சஸ் பாயின்ட் அந்தக் கோட்டைத் தாண்டி, பின்கட்டுப் பக்கம் வர வேண்டும்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து