கூழக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாளாகிறது. கத்திரி முடிந்தும் வேலூர் வெயில் விடவில்லை, பேனாவைத் தொடவே மனசில்லை. நீ சொன்ன தைலத்துக்கு என் முட்டி மசியவில்லை. அதை விடு.

போன ஞாயிறு குடியாத்தம் போய்க் கூழக்காவைப் பார்த்தேன். 1982இல் சத்துணவு தொடங்கியபோது அமைப்பாளராகச் சேர்ந்தவர். சாயங்காலத்தில் தன் காசில் கேவுரு கூழ் காய்ச்சி ஊற்றியே அந்தப் பேர் வாங்கினார். "சோறு போட்டவங்க பட்டா மனு எழுத ஏன் போனீங்க?" என்று இத்தனை வருஷம் கழித்துக் கேட்டேன்.

மழை நாளில் மட்டும் ஒரு பெண்குழந்தை சாப்பிட வராதாம். தேடிப்போனால், ஓலைக் கூரை ஒழுகும் இடமெல்லாம் குண்டான், சொம்பு, தட்டு. நிரம்ப நிரம்ப வெளியே கொட்டிக்கொண்டிருக்கிறது குழந்தை. அம்மாக்காரி மூலையில் பீடி இலையையும் தூள் முறத்தையும் மடியில் வைத்து முந்தானையால் மூடியிருக்கிறாள். "நமத்துப்பூட்டா ஏஜென்ட் கழிச்சுடுவான்க்கா." ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதானே கூலி. கழித்ததற்குக் காசு ஏது? மழை பெய்த வாரம் அடுப்பும் அணைந்துவிடும்.

அந்தக் குடிசைக்குப் பட்டா கேட்டு அன்றைக்குத் தொடங்கிய மனுதான். 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டபோது, பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் போனார்களே, அந்த வாரம் முழுக்க இவர் ஓடையோரத்து ஜனங்களைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்துக் கஞ்சி ஊற்றியிருக்கிறார்.

இப்போது கலைஞர் கனவு இல்லத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் தருகிறார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் பட்டா வேண்டும். புறம்போக்கில் குடிசை போட்டவன் எங்கே போவான்? பிறந்தநாளுக்கு அன்னதானம் போட்டுப் படம் பிடித்துக்கொள்ள ஆள் வருகிறது. தாலுகா ஆபீசுக்கு ஒருமுறை கூட வர ஒருவரும் இல்லை. (நான் மட்டும் என்ன வாழ்ந்தேன்? இதுவரை இரண்டே தடவை.)

கட்டிலுக்கடியில் இருந்து தகரப்பெட்டியை இழுத்துக் காட்டினார். முழுக்க மனு நகல்கள், ஒவ்வொன்றிலும் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை. சிலது செல்லரித்துவிட்டது. மேலே இருந்த நில அளவைப் புலப்படத்தை நானும் அவரும் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தோம்.

முப்பது வருஷம் சர்வேயராக இருந்தவன் நீ. ஆடி பிறப்பதற்குள் ஒருநாள் கிளம்பி வா. லென்சையும் எடுத்து வா, எழுத்து ரொம்பப் பொடி. காட்பாடியில் இறங்கிப் போன் போடு, வண்டியோடு வருகிறேன்.

உன் பழைய பெஞ்சுக்காரன்