சீம்பால் பற்றி நம் பால்கடை வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர், வணக்கம்.

பத்து நாளாக நம் தெருக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு படம் சுற்றுகிறது. நம் கடை ஃப்ரீசரின் படம். உள்ளே மஞ்சளாக 11 பாட்டில். கீழே, "கேட்டால் சீம்பால் இல்லை என்கிறார், ஸ்வீட் கடைக்குப் பதுக்கி வைத்திருக்கிறார்" என்று எழுதியிருக்கிறது. படம் உண்மை. பாட்டிலில் இருப்பதும் சீம்பால்தான், மாடு கன்று போட்டதும் முதலில் சுரக்கும் பால். ஸ்வீட் கடைக்கு என்பது பொய். கும்பகோணத்தில் 22 வருஷமாகப் பால் ஊற்றுகிறேன். காபிக்குப் பால் கெட்டியாக இல்லை என்று யாரும் ஒரு சொல் சொன்னதில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முன்பெல்லாம் நம் கொட்டகையில் மாடு கன்று போட்டால் முதல் பீச்சுப் பாலைத் தூக்குவாளியில் பிடித்து நாலு வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பேன். அதற்குக் காசு வாங்கியதே இல்லை. நீங்கள் வெல்லமும் ஏலக்காயும் போட்டு ஆவியில் வைத்தால், அதில் ஒரு துண்டு எனக்கும் கிண்ணத்தில் வரும். அந்தப் பாசத்தை நான் மறக்கவில்லை.

சென்ற வருஷம் ஐப்பசி அடைமழையில் தலையீத்து மாடு ஒன்று, அதாவது முதல் முறை ஈனும் மாடு, கிடேரிக் கன்று போட்டது. இளங்கொடி, அதாவது நஞ்சுக்கொடி, விழும்வரை கன்றை மடியில் விடக்கூடாது என்பது தாத்தா காலத்திலிருந்து எங்கள் வீட்டுப் பழக்கம். கொடி விழ ஏழு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் மடி கனத்துவிட்டதென்று பாலைப் பீச்சி, வழக்கம்போல வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. கன்றுக்கு மிச்சம்தான் கிடைத்தது. ஐந்தாம் நாள் வெள்ளைக் கழிச்சல் கண்டது. கண் குழிவிழுந்து, காது சில்லிட்டு, விரலை வாயில் வைத்தால்கூடச் சப்பாமல் சாக்கின் மேல் கிடந்தது. எட்டாம் நாள் போய்விட்டது. வாங்கிக்கொண்ட உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தவறு முழுக்க என்னுடையது.

அன்றைக்கு வந்த கால்நடை மருத்துவர் திண்ணையில் உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். மனிதக் குழந்தைக்குத் தாய் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புச் சத்து வந்து சேர்ந்துவிடும். மாட்டின் நஞ்சுக்கொடி அதைக் கடத்தாது. கன்று ஏறக்குறைய வெறுங்கையோடுதான் மண்ணில் விழுகிறது. தாய் அந்தச் சத்தையெல்லாம் சீம்பாலில்தான் சேர்த்து வைத்திருக்கிறது. கன்றின் குடலும் பிறந்த சில மணி நேரத்துக்குத்தான் அதை அப்படியே ரத்தத்தில் ஏற்றும். நேரம் ஆக ஆகக் குறைந்து, ஒரு நாளில் அந்த வழி அடைந்துவிடும். அதற்குப் பிறகு எத்தனை லிட்டர் புகட்டினாலும் பசி ஆறும், காவல் கிடைக்காது. கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு வேண்டும். 25 கிலோ ஜெர்சி கலப்புக் கன்றென்றால் இரண்டரை லிட்டர். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்த அளவு உள்ளே போக வேண்டும். கன்று முட்டிக் குடித்தால் கொடி விழுவதற்கும் அது துணைதானாம். நாங்கள் நேர்மாறாக அல்லவா செய்துகொண்டிருந்தோம்!

விழுந்த கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டுவதை இன்றும் செய்கிறோம். கன்றைக் காக்க வைப்பதை மட்டும் விட்டுவிட்டோம். இப்போது கன்று விழுந்ததும் மூக்கு, வாய்ச் சளியைத் துடைத்து, தொப்புளில் அயோடின் தொட்டு, மடியைக் கழுவி நேரே ஊட்ட விடுகிறோம். அதற்குப் பிறகு நம் கொட்டகையில் பிறந்த ஆறு கன்றும் துள்ளிக்கொண்டு நிற்கின்றன. ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளைக் கூட்டிவந்து பாருங்கள்.

இனி அந்தப் பாட்டில் விஷயம். நல்ல கறவை மாட்டுக்குக் கன்று வயிறு நிறையக் குடித்த பிறகும் முதல் பீச்சில் மிஞ்சும். அதைச் சுத்தமான லிட்டர் பாட்டிலில் பிடித்து, தேதியும் மாட்டின் பெயரும் ஒட்டி உறைய வைக்கிறேன். ஒரு வருஷம் வரை தாங்கும். தாய் இறந்துபோன கன்றுக்கு, தலையீத்தில் பால் இறங்காத மாட்டின் கன்றுக்கு அது உயிர்ப்பால். இந்த வருஷம் மூன்று கன்றுக்குக் கொடுத்தாயிற்று. ஆவணியில் சுவாமிமலைப் பக்கத்திலிருந்து ஒருவர் இரவு இரண்டு மணிக்கு டிவிஎஸ் வண்டியில் வந்து கதவைத் தட்டினார். கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக இளக்கிக் கொடுத்தோம். அடுப்பில் வைத்தால் திரிந்து கட்டியாகிவிடும், 60 டிகிரி தாண்டினாலே எதிர்ப்புச் சத்து கெடும். நமக்கு அந்தக் கட்டிதான் ருசி, கன்றுக்கு அது ஆகாது. அவரிடம் ஒரு ரூபாய் வாங்கவில்லை. எந்தத் தேதியில் எந்தப் பாட்டில் யாருக்குப் போனது என்பது கல்லாவில் இருக்கும் நீல நோட்டில் உண்டு. யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம். படம் எடுத்தவரும் வரலாம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கேட்டவர்களுக்குக் காரணம் சொல்லாமல் "இல்லை" என்று மட்டும் சொன்னது என் பிழை. மன்னிக்க வேண்டும்.

இதோடு கடை விஷயம் இரண்டு. 19 வருஷமாக நம்மோடு இருந்த கறவைக்காரர் மகனோடு இருக்கத் திருப்பூர் போய்விட்டதால் சாயங்கால வீட்டு விநியோகம் தற்போதைக்கு இல்லை, பால் கடையில் கிடைக்கும். புண்ணாக்கு, வைக்கோல் விலையால் ஒன்றாம் தேதி முதல் லிட்டருக்கு 4 ரூபாய் கூடுகிறது.

படம் சுற்றிய பிறகும் மறுநாள் காலை ஐந்தரைக்கு வழக்கம்போலப் பாத்திரத்தோடு வந்து நின்றீர்களே, அதை என்னால் மறக்க முடியாது. "உங்களைத் தெரியாதா எங்களுக்கு" என்று கடைவாசலில் நின்று சொன்ன அம்மாவுக்கு அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

தை மாதம் இரண்டு மாடு கன்று போடும். சீம்பால் வேண்டுவோர் கடையில் பெயர் கொடுத்து வையுங்கள். மூன்றாம் நாள் பாலில் கன்று குடித்தது போக மிஞ்சுவதை முன்போலவே காசில்லாமல் தருகிறேன். முதல் பீச்சு மாதிரி கத்தி வைத்து வெட்டும் கட்டியாக வராது. கொஞ்சம் இளக்கமாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் பால்கடைக்காரர்