வால் அறுந்த வாக்கியம்

பினாங்கு,
ஞாயிறு இரவு

அன்பு நண்பா,

நலம். உன் முட்டிவலி தேவலையா? மூன்று வாரமாக என்னிடமிருந்து ஒரு வரி இல்லை என்று திட்டியிருப்பாய். புலனத்தில், அதுதான் வாட்ஸ்அப்பில், இரண்டு வார்த்தை தட்டியிருக்கலாம்தான். ஆனால் புலனத்தில் மாட்டிக்கொண்ட கதையையே சொல்லப் போகிறேன், அதனால் மின்னஞ்சல்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை போகும் வழியில் நாங்கள் பந்தல் போடுவது உனக்குத் தெரியும். அதற்குப் புலனத்தில் ஒரு குழு, கணக்கு எழுதுவது அதில் உள்ள ஓர் அக்கா. போன வாரம் மோரா பானகமா என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது ஒருவர் எழுதினார்: "போன வருஷப் பந்தல் பணத்தில் 300 வெள்ளி இடிக்கிறது, அக்கா கணக்கை ஒழுங்காக எழுதவில்லை, ரசீதையும் யாருக்கும் காட்டவில்லை என்று கோப்பிக் கடையில் உட்கார்ந்து பேசுவது அநியாயம்."

நான் அதை விரலால் இழுத்து, "நூற்றுக்கு நூறு உண்மை" என்று பதில் போட்டேன்.

அக்கா குழுவைத் திறந்தது இரவு பத்து மணிக்கு மேல். மூலச் செய்தி எங்கேயோ மேலே போய்விட்டது. கண்ணில் பட்டது என் பதிலும் அதன் தலையில் இருந்த சின்ன மேற்கோள் பெட்டியும். பெட்டி முதல் சில வரிகளைத்தான் காட்டும். பணம் இடிக்கிறது, அக்கா ஒழுங்காக எழுதவில்லை, அப்புறம் மூன்று புள்ளி. கீழே என் பெயரோடு "நூற்றுக்கு நூறு உண்மை". பெட்டியைத் தொட்டால் முழுச் செய்திக்குப் போகலாம், சரி. வயிறு எரியும்போது யாருக்குத் தொடத் தோன்றும்? மறுநாள் காலை கணக்குப் புத்தகமும் ரசீதுக் கட்டும் அவர் மகன் கையில் என் வாசலுக்கு வந்துவிட்டன.

அன்றிலிருந்து இதே யோசனை. நம் மொழியில் தீர்ப்பு கடைசியில்தானே வருகிறது? இல்லை, கூடாது, யார் சொன்னது, எல்லாம் வாலில் இருக்கிறது. "வருவேன் என்று நினைக்காதே" என்பதைப் பாதியில் வெட்டினால் "வருவேன்". ஆங்கிலத்தில் மறுப்பு பெரும்பாலும் முன்னாலேயே வந்துவிடுவதால் இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு. பழைய பாட்டை அதன் முதல் சொற்களை வைத்துச் சுட்டுவது நமக்குப் புதிதில்லை, ஆனால் அங்கே மிச்சப் பாட்டு கேட்பவருக்கு மனப்பாடம். பந்தல் கணக்கு யாருக்கு மனப்பாடம்?

கோலாலம்பூர் அலுவலகத்திலிருந்து நீ எனக்குப் பாடம் எடுத்தது ஞாபகம் வந்தது. 1995 அக்டோபரில் இன்டெல்லின் சாலி ஹாம்பிரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 1855 என்ற ஆவணம், இணைய நடத்தை விதிகள். பதில் எழுதும்போது விஷயம் புரியும் அளவுக்கு மட்டும் மூலத்தை எடுத்துப்போடு. பிறர் செய்தியை அனுப்பும்போது வார்த்தையை மாற்றாதே. சுருக்கலாம், ஆனால் யார் எழுதியது என்று சொல். அப்போது உன்னைப் பெரிய வாத்தியார் என்று கேலி செய்தேன். நான்தான் உன் கடிதத்தை முழுசாகச் சேர்த்து அடியில் "சரி" என்று ஒரு சொல் போடுகிற ஆள் ஆயிற்றே! வரிக்கு வரி முன்னால் மேற்கோளைக் காட்டும் அந்த அம்புக்குறி (>), ஒன்று இரண்டாகி இரண்டு மூன்றாகி, படிக்கட்டு மாதிரி. முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருளில் தட்டியது எழுத்துரு ஒத்துப்போகாமல் கிறுக்கலாக வரும், அதையும் விடாமல் சேர்த்து அனுப்புவேன்.

இப்போது பெட்டியை நம்புவதில்லை. நேரில் பேசுகிற மாதிரியே எழுதிவிடுகிறேன்: "அக்காவைப் பற்றிப் பேசுவது அநியாயம் என்றீர்களே, அது உண்மை." கொஞ்சம் நீளம்தான். குழுவில் இளைஞர்கள் சிரிக்கிறார்கள்.

புத்தகத்தை நேற்று நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுச் செய்தியையும் கைப்பேசியில் காட்டினேன். இரண்டு தடவை படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. கோப்பி வந்தது, சீனி இல்லாமல்.

தைப்பூசத்துக்கு வருகிறாயா? கணக்கு எழுத இன்னொரு கை இருந்தால் நல்லது. பதில் போடும்போது இந்தக் கடிதம் முழுவதையும் அடியில் தொங்கவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்