தேன்மொழிக்கு, மானிட்டர் விஷயமாக

அன்புள்ள தேன்மொழிக்கு, அம்மா எழுதிக்கொண்டது. மதுரையில் எல்லோரும் நலம். என்னுடையதைப் போலவே ஒரு மானிட்டர் வாங்கலாமா என்று நீ போனில் கேட்டபோது, ஆல்பம் பிரின்ட் போடும் லேப்காரர் வாசலில் நின்றதால் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது விவரமாக எழுதுகிறேன்.

என்னிடம் இருக்கிற, மூலைக்கு மூலை 34 இஞ்ச் உள்ள அகலத்திரை மானிட்டர் உனக்கு வேண்டாம்மா. கல்யாண ஆல்பத்துக்கு 12க்கு 36 இஞ்ச் ஷீட் போடுகிற எனக்கு அகலம்தான் எல்லாம். பழைய 27 இஞ்சில் ஷீட்டை முழுசாகப் பார்த்தால் முகங்கள் கடுகாகிவிடும். இதில் 80 செ.மீ. அகலம் இருக்கிறது. ஆனால் உயரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 33 செ.மீ. சொச்சம். நீ மனுவையும் தீர்ப்பையும் மேலிருந்து கீழே படிக்கிறவள். உனக்குக் கூடுதல் அகலத்தால் என்ன லாபம்?

27 இஞ்சே வாங்கு. ஆனால் 2560க்கு 1440 பிக்சல், அதாவது திரைப் புள்ளி, உள்ளதா என்று பார். அதே அளவில் 1920க்கு 1080 மலிவாகக் கிடைக்கும், எடுக்காதே. அதில் இஞ்சுக்கு 82 புள்ளிதான், மற்றதில் 109. பொடி எழுத்தில் இங்கிலீஷ் தப்பித்துக்கொள்ளும். நம் 'ணு'வும் 'ஞூ'வும் சுழி அடைத்துக்கொண்டு கண்ணைப் படுத்தும். நீ நாள் முழுக்கத் தமிழ் ஆவணம் படிப்பவள், இதில் விட்டுக்கொடுக்காதே. கையில் பணம் குறைந்தால் 24 இஞ்ச், 1920க்கு 1200 வாங்கு. அந்த மலிவு 27 இஞ்சைவிட அகலம் குறைந்தாலும் பக்கத்தில் வரிகள் கூடும்.

திரையின் பேனலில் ஐபிஎஸ், விஏ என்று வகைகள் உண்டு. உனக்கு ஐபிஎஸ்ஸாக இருக்கட்டும். விஏ பேனலில் கறுப்பு நன்றாக இறங்கும், கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம், 3000க்கு 1 வரை வரும். ஐபிஎஸ்ஸில் பொதுவாக 1000க்கு 1தான். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்க்கிறவர்களுக்கு விஏ நல்லதுதான். நான் கடைக்குப் போனபோது பென்டிரைவில் ஒரு சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலைப் படத்தைக் கொண்டுபோனேன். அரக்கு உடல், கறுப்பு பார்டர், வெள்ளைப் புள்ளிகள். விஏவில் தலையைக் கொஞ்சம் சாய்த்ததுமே அரக்கு வெளுத்தது. ஐபிஎஸ்ஸில் அசையவில்லை. முடிச்சுப் போட்ட இடத்தில் புள்ளியின் ஓரம் லேசாகக் கசிந்திருக்குமே, அதுகூடத் தெரிந்தது. நீயும் கடைக்காரர் போட்டுக்காட்டும் மீனையும் பூவையும் நம்பாதே. உன் முகூர்த்தப் புடவைப் படத்தை எடுத்துப் போ, அந்த நிறம் உனக்கு மனப்பாடம்.

கடையில் வெளிச்சத்தை முழுசாக ஏற்றி, நிறத்தையும் கூட்டி வைத்திருப்பார்கள். மெனுவில் நிறத்தைக் கூட்டாமல் காட்டும் எஸ்ஆர்ஜிபி மோடுக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பார். வீட்டுக்கு வந்ததும் திரைக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடி. தாளைவிடத் திரை பளிச்சென்று இருந்தால் வெளிச்சத்தைக் குறை. எனக்கு இது பிரின்ட் இருட்டாக வராமலிருக்க. உனக்குச் சாயங்காலத் தலைவலி வராமலிருக்க.

ஜன்னல் முதுகுப்பக்கம் வேண்டாம், பக்கவாட்டில் இருக்கட்டும். உயரம் ஏற்றி இறக்கும் ஸ்டாண்ட் இல்லாததை, எவ்வளவு மலிவென்றாலும் தொடாதே. உன் கழுத்துவலி எனக்குத் தெரியும்.

உன் லேப்டாப்பின் பக்கவாட்டில் என்னென்ன ஓட்டைகள் இருக்கின்றன என்று போட்டோ எடுத்து அனுப்பு. எந்தக் கேபிள் வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அம்மா