பச்சை குத்தப் போகும் பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி நீ அனுப்பின குரல் பதிவைக் கொட்டாஞ்சேனையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டே மூன்று தடவை கேட்டேன். "அக்கா, பச்சை குத்திக்க நான் தனியா புஸ்கலானுக்குப் போகப் போறேன், அம்மாகிட்ட நீதான் பேசணும்" என்கிறாய். சித்தியிடம் பேசுகிறேன், அது என் பொறுப்பு. ஆனால் அதற்கு முன் உன்னிடம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது. போனில் சொன்னால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். இதே கேள்வியை வேறு சில பிள்ளைகளும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் எல்லாரும் படிக்கிற இடத்திலேயே உனக்கு எழுதுகிறேன்.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். புஸ்கலான் இருப்பது பிலிப்பைன்ஸின் வடக்கே, கோர்டிலேரா மலைகளில், கலிங்கா மாகாணத்து டிங்லாயன் பகுதியில். ஒடிசாப் பக்கத்துக் கலிங்கம் இல்லை, பெயர்தான் ஒன்று. நம் பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும். நான் சிங்கப்பூரில் விமானம் மாறி மனிலா போனேன். மனிலாவின் குபாவ் பஸ் நிலையத்தில் ராத்திரி ஏறினால் பனாவே வழியாக மறுநாள் காலையில் பொன்டொக் என்கிற மலை நகரத்தில் இறங்கலாம். பஸ்ஸுக்குள் குளிர் எலும்புக்குள் போகும். ஹட்டன் குளிருக்குப் பழகின நானே நடுங்கிப்போனேன், ஸ்வெட்டரைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். பனாவேயில் விடியும்போது ஜன்னல் பக்கம் இரு. மலைச் சரிவு முழுக்கப் படிப்படியாக வயல். அந்த மலைகளின் நெல் வயல்களைத்தான் யுனெஸ்கோ 1995இல் உலக மரபுரிமையாக அறிவித்தது.

பொன்டொக்கில் கையில் காசு எடுத்துக்கொள். கிராமத்தில் ஏடிஎம் கிடையாது. அங்கிருந்து ஜீப்னியில், அதாவது அந்த ஊர் நீள ஜீப் வண்டியில், சிக்கோ ஆற்றை ஒட்டியே போய், புஸ்கலானுக்குத் திரும்புகிற இடத்தில் இறங்கி, மோட்டார் சைக்கிளில் ஏறி, பாதை முடிகிற இடத்திலிருந்து நடக்க வேண்டும். வழிகாட்டி இல்லாமல் ஊருக்குள் போக விடமாட்டார்கள். "நான் தனியாகத்தானே வந்தேன்" என்று அவர்களிடம் வாதாடாதே. தனியாகப் போவது என்றால் டூர் கம்பெனி வேன் இல்லாமல் போவது, அவ்வளவுதான். ஊருக்குள் போகிறவள் ஊராரின் கையைப் பிடித்துக்கொண்டுதான் போக வேண்டும். மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வீடுகளுக்குத் தெரியாத ஆள் ஒருத்தர் வந்தால் யார் வீட்டுக்கு என்று நாலு பேர் கேட்பார்களே, அதே முறைதான்.

நான் செய்த பிழையை நீ செய்யாதே. ஐந்து நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்று டிக்கெட் போட்டேன். திரும்பும்போது பொன்டொக்குக்குக் கீழே மண்சரிவு. பாதை திறக்க ஒன்றரை நாள். மனிலாவில் என் விமானம் போய்விட்டது, புது டிக்கெட்டுக்கு இரண்டு மாதச் சம்பளம் போனது. மலையில் பிறந்த பிள்ளைக்கு மழைக்காலத்தில் மலை ரோட்டை நம்பக் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும். நீ குறைந்தது எட்டு நாள் வைத்துக்கொள்.

அந்த ஆற்றைப் பற்றி ஒன்று. ஜீப்னியில் பக்கத்தில் இருந்த ஒரு வயதான அம்மா ஆற்றைக் காட்டி ஒரு பெயரைச் சொன்னார். மக்லி-இங் டுலாக். மார்கோஸ் ஆட்சிக்காலத்தில் உலக வங்கியின் காசோடு சிக்கோ ஆற்றில் அணைகள் கட்டப் போனார்கள். கட்டியிருந்தால் கலிங்கா, பொன்டொக் மக்களின் ஊர்களும் வயல்களும் முன்னோரைப் புதைத்த நிலமும் தண்ணீருக்குள் போயிருக்கும். எதிர்த்து நின்றவர்களில் முன்னால் நின்றவர் அவர், இதே டிங்லாயன் பக்கத்து ஆள். 1980 ஏப்ரல் 24 அன்று படையினர் வந்து அவரைச் சுட்டுக் கொன்றார்கள். ஆனால் அந்த அணைகள் எழும்பவில்லை. எனக்கு உடனே மவுசாகலை நீர்த்தேக்கம் ஞாபகம் வந்தது. வறட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியா டவுனின் கோயில் வெளியே தெரியும், நம் அப்பாயி, அப்பாவைப் பெற்ற பாட்டி, நம்மைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவாரே. நம் ஊர் தண்ணீருக்குள் போனது, அவர்கள் ஊர் தப்பியது. நீ போகிறது அப்படித் தப்பின ஊர்களில் ஒன்றுக்கு.

இனி வாங்-ஓட், முள்ளால் தட்டிப் பச்சை குத்துகிற புஸ்கலான் மூதாட்டி. நீ போக நினைப்பதே அவருக்காகத்தான். அங்கே எல்லாரும் அபோ வாங்-ஓட் என்பார்கள். அபோ என்றால் பெரியவரைக் கூப்பிடுகிற மரியாதைச் சொல், நாம் அப்பாயி என்கிற மாதிரி. 1917 பெப்ரவரி 17 பிறந்த தேதி என்கிறார்கள். பதினைந்து, பதினாறு வயதில் அப்பாவிடம் தொழில் பழகியவர். 2023 ஏப்ரலில், 106 வயதில், வோக் பிலிப்பைன்ஸ் பத்திரிகையின் அட்டைக்கு வந்தார். அந்த அட்டையைத்தான் நீ போனில் வால்பேப்பராக வைத்திருக்கிறாய்.

இப்போது அவர் முழு உருவம் குத்துவது அரிது. பொதுவாக மூன்று புள்ளி வைப்பார். அது அவருடைய கையொப்பம். மற்ற உருவங்களை அவருடைய உடன்பிறந்தவர்களின் பேத்திகள் கிரேஸும் எல்யாங்கும், அவர்களுக்குப் பின் பழகின ஊர்ப் பெண்களும் குத்துகிறார்கள். இந்தத் தொழிலை இரத்த உறவுக்குள்தான் கொடுக்க வேண்டும், வெளியாள் குத்தினால் புண்படும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அந்தப் பேத்திகள் பழகாமல் இருந்திருந்தால் தொழில் அவரோடு போயிருக்கும்.

நான் போன அன்று அவருக்கு முன்னால் நீளமான வரிசை. நூறு வயது தாண்டின ஒரு மனுஷி குந்தியிருந்து ஒவ்வொருத்தருக்கும் மூன்று மூன்று புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்தபோது அவர் கையைப் பார்த்தேன். விரல் நுனியெல்லாம் கரி. எனக்கும் வைத்தார், நானும் வாங்கிக்கொண்டேன், மறைக்க மாட்டேன். ஆனால் பாப்பா, அவர் களைத்திருந்தால், அன்று முடியாது என்றால், முகம் சுளிக்காமல் எழுந்துவிடு. அந்த மூன்று புள்ளி இல்லாமல் திரும்பினாலும் நீ வெறுங்கையோடு வரவில்லை.

ஏனென்றால் என் கையில் உள்ள பெரிய உருவத்தைக் குத்தியது ஓர் இளம் பெண், உன் வயதுதான் இருக்கும். நீ கேட்டாயே எப்படி இருக்கும் என்று, அதைச் சொல்கிறேன். உருவங்கள் செதுக்கின ஒரு பலகையைக் காட்டினாள். மலை, ஆறு, பெரணி இலை, பாம்புச் செதில், பூரான். பூரானைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டேன். அது வழித்துணை, காவல் என்று சொல்லிச் சிரித்தாள். நான் பெரணியைக் காட்டினேன். ஒரு மூங்கில் குச்சி, அதன் நுனியில் குறுக்காகச் செருகின எலுமிச்சை இனத்து மரத்தின் முள். எனக்கென்று புது முள்ளை எடுத்து என் கண் முன்னால் செருகினாள். இதை நீ கட்டாயம் பார், புதுசு இல்லையென்றால் கேள், கேட்டால் கோபிக்கமாட்டார்கள். சிரட்டையில் சட்டிக்கரியும் தண்ணீரும் குழைத்த மை. ஒரு புல்லை அந்த மையில் தோய்த்துத் தோலில் கோடு போட்டுக்கொண்டாள். அப்புறம் முள்ளைத் தோலுக்கு நேரே பிடித்து, இன்னொரு தடியால் குச்சியின் மேல் தட்ட ஆரம்பித்தாள். டக், டக், டக். தகரக் கூரையில் மழை பிடிக்கிற மாதிரி ஒரே சீர். வலி முதல் பத்து நிமிஷம்தான் வலியாக இருந்தது. மணிக்கட்டுக்குக் கிட்டே வந்தபோது மறுபடி பல்லைக் கடித்தேன். இரத்தமும் கரியும் சேர்ந்து வடிய வடிய ஒரு துணியால் துடைத்துக்கொண்டே தட்டினாள். முடிந்ததும் தேங்காய் எண்ணெய். பக்கத்தில் கோழி மேய்ந்துகொண்டிருந்தது. யாரோ அவர்கள் தோட்டத்துக் கோப்பியை டம்ளரில் கொண்டுவந்து வைத்தார்கள்.

தட்டிக்கொண்டிருக்கும்போது வழிகாட்டிப் பையன் கதை சொன்னான். முந்தி ஆண்களுக்கு இது தலை கொய்து வந்த வீரத்துக்குக் கிடைக்கிற அடையாளம். பெண்களுக்கு அழகு, வயதுக்கு வந்ததன் அடையாளம். அமெரிக்கர் ஆட்சி வந்து தலை கொய்வதை நிறுத்தியது. பள்ளிக்கூடங்களும் வந்தன. பச்சை குத்தின பெண்கள் டவுனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போகும்போது வெட்கப்பட்டு நீளக்கை சட்டை போட ஆரம்பித்தார்களாம்.

நீளக்கை சட்டை என்றதும் என்னால் அடக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். அந்தப் பெண் வலிக்கிறதாக்கும் என்று தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

உனக்கு இது தெரியாது, நீ அப்போது கைக்குழந்தை. எனக்குப் பதினோரு வயது. கொழும்புப் பள்ளிக்கூடத்தில் பரிசளிப்பு விழா, எனக்குத் தமிழுக்கு முதல் பரிசு. அப்பாயி மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறி வந்தார், பேத்தி மேடை ஏறுவதைப் பார்க்க. நான் அவரிடம் சொன்னேன், "அப்பாயி, கை தெரியாம ஏதாவது போட்டுக்கிட்டு வாங்க." காரணம் அவர் கேட்கவில்லை. மார்ச் மாதக் கொழும்பு வெயிலில், கொழுந்தெடுக்கப் போகும்போது குளிருக்குப் போடுகிற அந்தப் பழைய நீலக் கார்டிகனைப் போட்டுக்கொண்டு மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. கை தட்டும்போதுகூடக் கையை உயர்த்தவில்லை.

அந்தக் கையில் என்ன இருந்தது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? இடது முன்கையில் புள்ளி வைத்து இழுத்த ஒரு கோலம், சதுரமாக, வெளியே வர வழியில்லாத மாதிரி ஒன்றுக்குள் ஒன்று. கீழே ஒரு தேள். மணிக்கட்டில் தாத்தா பெயரின் முதல் எழுத்து. கறுப்பாகக் குத்தினது தோலுக்குள் போய்ப் பச்சையாகத் தெரியும், அதனால்தான் அதற்குப் பச்சை என்றே பெயர். தோட்டத்துக்குப் பச்சை குத்த வந்த ஓர் அம்மா பதின்மூன்று வயதில் குத்திவிட்டதாகச் சொல்வார். "நகைய அடகு வைக்கலாம். இத அடகு வைக்க முடியுமா? சாகும்போது கூட வர்றது இது ஒண்ணுதான்" என்பார். அப்படியேதான் ஆனது. கூடவே போய்விட்டது. யாரும் ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. வீட்டில் உள்ள கல்யாணப் படங்களில் எல்லாம் சேலைத் தலைப்பு கையை மூடியிருக்கிறது. அந்தக் கோலத்தை நான் எத்தனையோ தடவை வரைந்து பார்த்துவிட்டேன் பாப்பா, நடுவில் எங்கேயோ ஒரு சுற்றுப் பிழைக்கிறது, கோடு மூடமாட்டேன் என்கிறது.

முன்பின் தெரியாத ஊரின் அடையாளத்துக்காக மூன்று நாள் பயணம் போனேன். என் வீட்டுக் கையை மூடச் சொன்னவளும் நான்தான். போனதற்காக வருத்தப்படவில்லை, போகாமல் இருந்திருந்தால் இதை உணர்ந்திருக்கவே மாட்டேன். ஆனால் நீ என்னை மாதிரி தலைகீழாகச் செய்யாதே.

இன்னும் இரண்டு விஷயம், சித்தி கேட்பார் என்பதால். அந்த மலைகளில் கஞ்சா வளர்கிறது, யாராவது உன்னிடம் நீட்டலாம். தொடாதே, பையில் வைக்க யாரையும் விடாதே. அங்கத்தைய போதைப்பொருள் சட்டம் மிகக் கடுமையானது, புஸ்கலான் போய்த் திரும்பிய சுற்றுலாப் பயணிகள் வழியில் பிடிபட்டிருக்கிறார்கள். அடுத்தது உடம்பு. போகும் முன் டாக்டரிடம் போய் ஏற்பு (டெட்டனஸ்) தடுப்பூசியும் மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) தடுப்பூசியும் சரியாக இருக்கிறதா என்று கேள். குத்தின பிறகு புண் ஆறும் வரை ஆற்றில் குளிக்காதே. சிவந்து வீங்கினாலோ காய்ச்சல் வந்தாலோ பொன்டொக்கில் ஆஸ்பத்திரி இருக்கிறது, கொழும்புக்கு வந்து பார்க்கலாம் என்று இருக்காதே. பாதுகாப்பைப் பற்றிச் சித்தியிடம் நான் உண்மையைத்தான் சொல்லுவேன். அந்த ஊரில் ஒரு வீட்டில் அவர்கள் பிள்ளைகளோடு பாயில் படுத்துத் தூங்கினேன், பயம் என்று ஒன்று வரவில்லை. மனிலாவில் ராத்திரி பஸ் நிலையத்தில்தான் கவனம் வேண்டும், கொழும்புப் புறக்கோட்டையில் இருக்கிற மாதிரி இரு.

டிக்கெட்டை இன்னும் போடாதே. அப்பாயியின் தங்கச்சி, சின்ன அப்பாயி, இன்னும் அதே தோட்டத்தில் மேல் லயத்தில் இருக்கிறார். எண்பத்துநாலு வயது. அக்காவுக்கும் தங்கச்சிக்கும் ஒரே நாளில், ஒரே திண்ணையில், அந்த ஒரே அம்மாதான் குத்திவிட்டாராம். போன மாதம் போனில் கேட்டேன், "அழிஞ்சு போச்சும்மா, ஆனா கோடு தெரியுது" என்றார். கண் அவருக்கு மங்கிவிட்டது, கை நடுங்குகிறது, ஆனால் அந்தக் கோலத்தை வாசலில் போடச் சொன்னால் இன்னும் போடுவாராம்.

வர்ற போயா (பௌர்ணமி) லீவுக்கு ஹட்டன் பஸ்ஸில் இரண்டு சீட் பிடிக்கிறேன். காலை ஐந்து மணிக்குப் புறக்கோட்டையில் நில். டிரேசிங் பேப்பர் நான் வாங்கி வருகிறேன். நீ கொஞ்சம் கோலமாவு கொண்டு வா, அங்கே கடையில் இருக்குமோ என்னவோ. அவருக்குப் பிடித்த இஞ்சி பிஸ்கட்டும் ஒரு பாக்கெட்.

அன்புடன்,
உன் அக்கா
கொட்டாஞ்சேனை, கொழும்பு