வள்ளிக்கு இப்போதே சொல்லிவை

ரங்கூன்

அன்புள்ள செல்வி,

நலம். உன் முழங்கால் தேவலையா? மோல்மேனிலிருந்து நீ கொடுத்தனுப்பிய கருவாடு வந்தது. பாதி எங்கே போயிருக்கும் என்று உனக்கே தெரியும், பக்கத்து வீட்டு அக்கா இன்னும் மாறவில்லை. பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது, திட்டாமல் படி.

பேரனைத் தொட்டிலில் போடும் முன்பே ஒரு கண்டம் வந்து போனது. திடீரென்று பால் குடிக்க மறுத்தான். காய்ச்சல் இல்லை, தொட்டால் உடம்பு சில்லென்றிருந்தது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சுக்கூட்டின் அடிப்பக்கம் உள்ளே இழுத்தது. ஓமம் கட்டினால் சரியாகிவிடும் என்றார் அத்தை. மருமகள் காதில் வாங்கவே இல்லை; பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டாள். ரத்தத்தில் கிருமித்தொற்றாம். அன்றைக்கே ஊசி மருந்து ஆரம்பித்தார்கள். தேறிவிட்டான், இப்போது ராத்திரியெல்லாம் வீடே அதிரக் கத்துகிறான்.

அங்கே தாய்க்கும் பிள்ளைக்கும் வைட்டமின் டி பார்த்தார்கள். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு 20 நானோகிராமுக்குக் கீழே போனாலே பற்றாக்குறை என்பார்கள். இவளுக்கு 11, அவனுக்கு அதைவிடக் குறைவு. வெயிலுக்கா பஞ்சம் இந்த ஊரில்? ஆனால் மழைக்காலம் முழுக்க மூட்டம், அவள் வாசலுக்கே வரவில்லை. பெற்றபின் ஜன்னலைக்கூடத் திறக்க விடுவதில்லை நம் வீடுகளில். நம்மைப் போல் கறுத்த தோலுக்கு வெயிலும் கூடுதலாக வேண்டும். வயிற்றுக்குள் பிள்ளைக்கு வருவது தாயிடம் இருப்பதில் ஒரு பங்குதான். பிறந்தபின் தாய்ப்பாலில் அது மிகக் கொஞ்சம். பாலை நிறுத்தச் சொல்லவில்லை, தாய்ப்பாலுக்கு ஈடே கிடையாது. இந்த ஒன்றைத்தான் சொட்டு மருந்தாகத் தனியே தரவேண்டும்.

ரத்த அணுக்கள் கிருமியைக் கொல்லும் ஒரு புரதத்தைச் செய்ய இந்த வைட்டமின் தூண்டுகிறதாம். தொற்று வந்த பச்சைப்பிள்ளைகளிடம் இது குறைவாக இருப்பதையும் பல இடங்களில் பார்த்திருக்கிறார்கள். ஆனால் குறைவால் நோய் வந்ததா, நோயால் அளவு இறங்கியதா என்பது முடிவாகவில்லை என்று டாக்டர் நிதானமாகவே சொன்னார். காபூலில் 3,000 குழந்தைகளுக்கு மேல் சேர்த்து, பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,00,000 யூனிட் கொடுத்துப் பார்த்தார்களாம், நிமோனியா குறையவில்லை. 2012-இல் வந்த ஆய்வு. ஆகவே சொட்டு கொடுத்துவிட்டோம், இனி ஒன்றும் அண்டாது என்று யாரும் இருந்துவிடக் கூடாது. எலும்பு வளைவதையும், சுண்ணாம்புச் சத்து இறங்கி வலிப்பு வருவதையும் தடுக்கும்; அதற்காகவே கொடுக்கலாம்.

செல்வி, வள்ளிக்கு நாள் நெருங்குகிறது. அடுத்த செக்கப்பில் இதைக் கேட்கச் சொல். பிறந்த பிள்ளைக்கு வழக்கமான அளவு ஒரு நாளைக்கு 400 யூனிட். சில மருந்தில் அது ஒரு மில்லி, சிலதில் ஒரே ஒரு சொட்டு. பாட்டிலை மாற்றினால் அளவும் மாறும். அட்டையைப் படிக்காமல் ஊற்றினால் சுண்ணாம்புச் சத்து ஏறி சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். உன் அம்மா செய்த மாதிரி எண்ணெய் தடவி உச்சிவெயிலில் கிடத்தவும் வேண்டாம், அந்தத் தோல் தாங்காது.

பிள்ளை பால் குடிக்கவில்லை, உடம்பு சுடுகிறது அல்லது சில்லிடுகிறது, நிமிடத்துக்கு 60 மூச்சுக்கு மேல் போகிறது, துவண்டு கிடக்கிறது என்றால், எந்தப் பெரியவர் என்ன சொன்னாலும் நிற்காதே, உடனே ஆஸ்பத்திரி.

பீலிக்கான் கோயில் திருவிழாவுக்கு வருவாய்தானே? பழைய கூட்டம் முழுக்க வருகிறது, உன் சீட்டுப்பணத்தைக் கேட்கத்தான். செக்கப் முடிந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று எழுது.

மீனா